வீட்டுக்குள் வெல்ஷ்: நாங்கள் வாங்கிய சொற்றொடர் அட்டைகள் எப்படி?

வேல்ஸிலிருந்து தருவித்த வெல்ஷ் மொழிச் சொற்றொடர் அட்டைகள் அடங்கிய பெட்டி காசுக்குத் தகுமா என்றால், பாதி தகும். அந்தப் பாதி நன்றாகவே தகும்.

சிறு பிள்ளைகளிடம் வீட்டில் நாள் முழுக்கச் சொல்கிற வெல்ஷ் வாக்கியங்கள், அட்டைக்கு ஒன்று. கீழே ஆங்கிலத்தில் பொருள். மூலையில் கியூஆர் குறி. கைப்பேசியைக் காட்டினால் ஒரு பெண்குரல் நிதானமாக வாசிக்கும். அஞ்சல் செலவோடு நூறு வெள்ளியைத் தாண்டியது. கடையின் பெயரைப் போடவில்லை. சின்னக் கடை, நான் சொல்லப்போகும் குறைகளால் அவர்கள் பிழைப்பு கெட வேண்டாம்.

எங்கள் வீடு கோலாலம்பூர் செந்தூலில். கணவருக்குச் சொந்த ஊர் தென்மேற்கு வேல்ஸில் லனெல்லி. அவருக்கு அம்மாவோடு வெல்ஷ், என்னோடு ஆங்கிலம். பிள்ளைகளுக்கு என்னிடம் தமிழ், தாடிகாவில் (பாலர் பள்ளியில்) மலாய். அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டால் சாயங்காலம்வரை வெல்ஷ் என்று ஒன்று இருப்பதே வீட்டில் தெரியாது. ஆகவே பெட்டியைப் பிள்ளைகளுக்காக வாங்கினேன் என்பதைவிட எனக்காக வாங்கினேன் என்பதே சரி. "தமிழே இன்னும் ஒழுங்கா வரல, இதுல இது வேறயா?" என்றார் என் அம்மா. இப்போது அவரே காலையில் 'போரே டா' சொல்கிறார்.

இந்தப் பெட்டியின் பலமே ஏவல் வாக்கியங்கள்தான். சிறு பிள்ளைகளிடம் நாம் பேசுவதில் முக்கால்வாசி வேறென்ன? வா, போடு, கழுவு, விடு, தூங்கு. அட்டையை மேசையில் அடுக்கி வைத்துப் பாடம் நடத்தினால் ஒன்றும் ஏறாது. வேலை நடக்கிற இடத்திலேயே ஒட்ட வேண்டும். கை கழுவும் குழாய்க்கு மேல் 'கோல்ஹா ட துய்லோ', கையைக் கழுவு. வாசலில் சப்பாத்து அடுக்கும் இடத்தில் 'குவிஸ்கா ட ஸ்கிட்யே', சப்பாத்தைப் போடு. பல் துலக்கும் கண்ணாடியில் 'ப்ரூஷா ட தன்னெத்'. குழாயைத் திறக்கும்போது கண் தானாக அங்கே போகும், வாயும் தானாகச் சொல்லிவிடும்.

முழு வாக்கியமாகக் கொடுத்திருப்பதில் இன்னொரு லாபம். வெல்ஷில் சில சொற்களுக்குப் பின்னால் வரும் சொல்லின் முதல் எழுத்தே மாறிவிடும். பல்லுக்கு 'டன்னெத்', 'உன் பல்' என்றால் 'ட தன்னெத்'. இந்த விதிகளைப் புத்தகத்தில் படித்தால் தலை சுற்றும். பிள்ளைகள் விதியே தெரியாமல் சரியாகச் சொல்கிறார்கள்.

உச்சரிப்பில்தான் முதல் குறை. ஆங்கிலம் படிப்பவர்களுக்கென்று அச்சிட்ட உச்சரிப்புக் குறிப்பு நமக்கு வீண் சுற்று. நான் தமிழிலேயே எழுதி ஒட்டிவிட்டேன். மேலே 'துய்லோ' என்று எழுதியதன் முதல் ஒலி, நாம் 'அது', 'இது' என்னும்போது வரும் த, மெனக்கெட வேண்டியதில்லை. தொண்டையிலிருந்து வரும் ஹ, மலாயில் 'காமிஸ்' என்று கேட்டுப் பழகியவர்களுக்குச் சிரமமில்லை. ஆனால் லனெல்லியில் இரண்டு தடவை வரும் அந்த 'ல்' எந்த எழுத்திலும் அடங்காது. நாக்கை ல் சொல்ல வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் பக்கவாட்டில் காற்றை மட்டும் ஊத வேண்டும். பூனை சீறுவதுபோல் இருக்கும். நாலு வயதுக்காரி உடனே பிடித்துக்கொண்டாள். எனக்கு இன்னும் எச்சில்தான் தெறிக்கிறது.

அடுத்த குறை பெரியது. இது தென் வேல்ஸ் பேச்சா, வட வேல்ஸ் பேச்சா என்று பெட்டியில் எங்குமே போடவில்லை. வந்தது வடக்கு. 'இங்கே வா' என்பதற்கு அட்டையில் 'டிர்ட் அம்மா', என் மாமியார் வீட்டில் 'டேரே மா'. பாலுக்குக்கூட வேறு சொல். பாட்டி என்பதே வடக்கில் 'நைன்', தெற்கில் 'மம்கீ'. வாங்குவதற்கு முன் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் 'நீ' கணக்கில் இருப்பதையும் கவனிக்க வேண்டும். பிள்ளையிடம் சொல்ல அது சரிதான். ஞாயிறு மாலை நமக்கு ஆறு மணி, அங்கே காலை பத்தோ பதினொன்றோ. வீடியோ அழைப்பில் மகள் தாத்தாவைப் பார்த்து 'பைட்!' (செய்யாதே!) என்று அதட்டினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார், என் அம்மா முகம் சுளித்தார். 'வா'வுக்கு 'வாங்க' இருப்பதுபோல அங்கேயும் மரியாதை வடிவம் உண்டு: 'டியூஹ்', 'பைட்யூஹ்'. அட்டையின் பின்பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது, அங்கே போட்டிருக்கலாம்.

பனி பெய்கிறது, கையுறை போடு, குளிராக இருக்கிறது: இவற்றைக் கோலாலம்பூரில் எங்கே ஒட்டுவது? 'வெயிலாக இருக்கிறது' என்று ஓர் அட்டைகூட இல்லை. 'மைன் பூரு க்லௌ', மழை பெய்கிறது, மட்டும் பிற்பகல்களில் நன்றாக ஓடுகிறது. பசையும் நம் ஈரக்காற்றுக்குத் தாங்காது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் லேமினேட் செய்து புளூ டேக் வைத்து ஒட்டியிருக்கிறேன்.

இலவசமாகவே நிறையக் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறதுதான். 2021 கணக்கெடுப்பில் வேல்ஸில் வெல்ஷ் பேசுவோர் சுமார் 538,000 பேர், 17.8 விழுக்காடு. 2050க்குள் பத்து லட்சமாக்க வேண்டும் என்பது அவர்கள் அரசின் இலக்கு, அதனால் பெற்றோருக்கென்று அள்ளிக் கொடுக்கிறார்கள். எஸ்4சி தொலைக்காட்சியின் 'கியூ' நிகழ்ச்சிகள் பாலர்களுக்கு அருமை. எங்கள் வீட்டில் பாட்டெல்லாம் அங்கிருந்துதான். மழலையர் அமைப்பான மிட்யட் மைத்ரின், பெற்றோருக்கென்றே 'குட்ச்' என்ற பெயரில் அறிமுக வகுப்பு நடத்துகிறது. ஆனால் அங்கே மாலை வகுப்பு என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டிவிடும். டுவோலிங்கோவில் 2016லிருந்து வெல்ஷ் உண்டு. அது பெரியவர்கள் உட்கார்ந்து படிக்க. ஒரு கையில் சோப்பு, மறு கையில் நழுவும் பிள்ளை என்று நிற்பவருக்குச் சுவரில் உள்ள அட்டைதான் உதவும்.

வீட்டில் வெல்ஷ் பேசும் ஒருவராவது இருந்தால் வாங்கலாம். யாருமே இல்லையென்றால் 'கியூ' நிகழ்ச்சிகளும் வெற்றுத் தாளும் போதும். வாங்குவதானால் அங்குள்ள சொந்தக்காரர் முகவரிக்கு அனுப்பச் சொல்லி, அவர்கள் வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். அஞ்சல் செலவு அட்டை விலையை எட்டிப் பிடிக்கிறது.