ஆர்எஸ்டிபியா, ஈஆர்பிஎஸ்ஸா: கேபிள் அறுந்தால் எது கைகொடுக்கும்?

கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுகளுக்கு இடையில் மாற்று வழி இருக்கட்டும் என்று இன்னொரு கேபிளைச் செருகினால், லூப் (முடிவில்லாத சுற்றுப்பாதை) உருவாகி, எல்லாக் கருவிகளுக்கும் போகும் பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க்கையே முடக்கிவிடும். அதனால் ஓர் இணைப்பை அடைத்துவைத்து, தேவைப்படும்போது மட்டும் திறக்க வேண்டும். ஆர்எஸ்டிபி (RSTP), ஈஆர்பிஎஸ் (ERPS) என்ற இரண்டு நெறிமுறைகளும் செய்வது இதைத்தான், செய்யும் விதம்தான் வேறு.

ஆர்எஸ்டிபிக்கு முன்னோடியான பழைய எஸ்டிபி (STP), கேபிள் அறுந்தால் வழி மாற 30 முதல் 50 விநாடி எடுத்துக்கொள்ளும். 2001-இல் வந்த ஆர்எஸ்டிபி அதைச் சில விநாடிகளாகக் குறைத்தது. கேபிளை எப்படிப் பின்னினாலும் சமாளிக்கும். ஏறக்குறைய எல்லா மேனேஜ்டு சுவிட்சிலும் (அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய வகை) இருக்கும். ஆனால் கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். எல்லா சுவிட்சுக்கும் முன்னுரிமை எண் 32768 என்றே வருவதால், மிகச் சிறிய மேக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்) உள்ளதே ரூட் பிரிட்ஜ், அதாவது எல்லா வழிகளுக்கும் மையமான சுவிட்ச், ஆகிவிடும். அது பெரும்பாலும் மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய பெட்டிதான்! சிறிய எண்ணுக்கே முன்னுரிமை என்பதால், நடு சுவிட்சில் அந்த எண்ணை 4096 என்று போட்டுவிடுங்கள்.

ஈஆர்பிஎஸ், சுவிட்சுகளை வட்டமாக இணைக்கும் வளையத்துக்கென்றே பிறந்தது. வளையத்தில் ஓர் இணைப்பை ஒரு சுவிட்ச் அடைத்துவைத்திருக்கும். வேறெங்காவது அறுந்தால் 50 மில்லிவிநாடிக்குள் வழி மாறுவதே இலக்கு. அறுந்தது சரியானதும் உடனே பழைய வழிக்குத் தாவாது, வழக்கமாக 5 நிமிடம் பொறுத்துப் பார்க்கும். விட்டு விட்டு வேலை செய்யும் கனெக்டரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தப் பொறுமையின் அருமை தெரியும். ஆனால் வளையத்தின் ஒவ்வொரு சுவிட்சிலும் உட்கார்ந்து அமைக்க வேண்டும்.

அலுவலகக் கணினிகளுக்கு ஆர்எஸ்டிபி போதும். இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலை வளையம் என்றால் ஈஆர்பிஎஸ். அப்புறம், ஈஆர்பிஎஸ் போட்டால் வளையப் போர்ட்டுகளில் ஆர்எஸ்டிபியை அணைக்க மறக்காதீர்கள்.