ஸ்பிளின்டர்லாண்ட்ஸா, கொட்ஸ் அன்செயின்டா: யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குகிறவர்களுக்கு

இரண்டையும் விளையாடிப் பார்த்துவிட்டு நான் கொட்ஸ் அன்செயின்டில் நின்றுவிட்டேன். ஆகவே இதை நடுநிலை அலசல் என்று நினைத்து வாசிக்க வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்துக் கம்பஸ் பொடியள் “அண்ணை, எதிலை தொடங்கிறது?” என்று கேட்டபடி இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவதைவிட ஒரே தரமாக எழுதிவிடலாம் என்று பட்டது.

இரண்டும் பிளொக்செயினில், அதாவது பல கணினிகளில் பகிர்ந்து வைத்திருக்கும் பொதுப் பதிவேட்டில், ஓடும் கார்ட் விளையாட்டுகள். கையில் இருக்கும் கார்ட் உங்கள் பெயரில் பதிவாகி இருக்கும், விரும்பினால் இன்னொருவருக்கு விற்கலாம். ஆனால் விளையாட்டை நடத்தும் சேர்வர் நிறுவனத்தினுடையது. அவர்கள் கடையைப் பூட்டினால் கார்ட் உங்களிடம்தான் இருக்கும், விளையாட இடம்தான் இருக்காது. இதைச் சொல்லாமல் “சொத்து” என்று கதைப்பவர்களை நம்பாதீர்கள்.

முதலில் ஸ்பிளின்டர்லாண்ட்ஸ். 2018இல் ஸ்டீம் மொன்ஸ்டர்ஸ் என்ற பெயரில் ஸ்டீம் என்ற பிளொக்செயினில் தொடங்கியது. 2020இல் ஸ்டீமிலிருந்து ஹைவ் என்ற தனிச் செயின் பிரிந்தபோது விளையாட்டும் ஹைவுக்குப் போய்விட்டது. போட்டி தொடங்கும்போது திரையில் மூன்று விடயங்கள் வரும்: எவ்வளவு மானாவுக்குள் (கார்ட்டை இறக்கச் செலவாகும் புள்ளி) அணியை அமைக்க வேண்டும், இன்றைய விதி என்ன, எந்தப் பிரிவுகள் திறந்திருக்கின்றன. விதி ‘லிட்டில் லீக்’ என்று வந்தால் 4 மானாவும் அதற்குக் குறைந்ததுமான கார்ட்டுகள்தான் செல்லும். ‘லொஸ்ட் மஜிக்’ என்றால் மந்திரத் தாக்குதல்காரர்களை இறக்க முடியாது. ஒரு தலைவரையும் ஆகக்கூடியது ஆறு மொன்ஸ்டர்களையும் வரிசைப்படுத்தி அனுப்பினால் உங்கள் வேலை முடிந்தது. சண்டை தானாக நடக்கும், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கலாம், பார்க்காமலும் விடலாம்.

கொட்ஸ் அன்செயின்ட் வேறு மாதிரி. அவுஸ்திரேலியாவின் இம்யூட்டபிள் நிறுவனம் செய்தது, இதன் முதல் கார்ட் விற்பனையும் 2018இல்தான். ஹைபீரியன் என்ற ஒற்றைக் கார்ட் அந்த வருடம் ஏலத்தில் 146 ஈதருக்கு (எதீரியம் பிளொக்செயினின் நாணயம்) போனது, அன்றைய மதிப்பில் 60 ஆயிரம் டொலருக்கு மேல். அந்தக் கதையைக் கேட்டு இதில் இறங்க வேண்டாம், அது வேறு காலம். விளையாட்டு முறை ஹார்த்ஸ்டோன் என்ற கணினிக் கார்ட் விளையாட்டை ஆடியவர்களுக்கு உடனே பிடிபடும்: 30 கார்ட் கொண்ட கட்டு, 30 உயிர், முறைக்கு முறை ஏறும் மானா. ஆறு கடவுளரில் ஒருவரைத் தேர்ந்து, அவருடைய நான்கு சக்திகளில் ஒன்றையும் போட்டி தொடங்க முன்னர் தேர வேண்டும்.

எனக்குப் பிடித்தது சாங்டம். எதிரியையும் அவரது படையையும் அடிக்க அடிக்க ‘ஃபேவர்’ சேரும். அதைக் கொடுத்து, இருவருக்கும் பொதுவாக விரித்திருக்கும் சாங்டத்தில் இருந்து ஒரு கார்ட்டை உடனே வாங்கலாம். நான் எடுக்காவிட்டால் அடுத்த முறையில் எதிரி எடுத்துவிடுவான் என்பதால், எனக்குத் தேவையே இல்லாத கார்ட்டைச் சில வேளைகளில் அவன் கையில் போகக்கூடாது என்பதற்காகவே வாங்குவேன். 304 சீட்டு ஆடிப் பழகியவர்களுக்கு, துரும்பு என்னவென்று மறைத்து வைத்துவிட்டு எதிரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ருசி இங்கேதான் கிடைக்கும். ஸ்பிளின்டர்லாண்ட்ஸில் அணியை அனுப்பிய பிறகு உங்கள் கையில் எதுவும் இல்லை.

ஆனால் கரண்ட், நெட் என்று வந்தால் ஸ்பிளின்டர்லாண்ட்ஸ் வெல்கிறது, அதை மறைக்க முடியாது. சாதாரண போனில் பிரவுசரில் ஓடும். அணியை அனுப்பிய அடுத்த நொடி கரண்ட் போனாலும் பரவாயில்லை, திரும்பி வந்து பார்க்கும்போது முடிவு அங்கே இருக்கும். கொட்ஸ் அன்செயின்டில் ஒரு போட்டி பத்து நிமிடம், கால் மணி என்று இழுக்கும். நடுவில் ரவுட்டர் அணைந்தால் முறை தவறிப்போகும், தோற்றுவிடுவீர்கள். கணினியில் விளையாடுவதாக இருந்தால் பெரிய கோப்பொன்றை இறக்க வேண்டும். 2024இல் போனுக்கும் வந்துவிட்டது, அது கொஞ்சம் ஆறுதல். நான் பெரும்பாலும் கணினியில்தான் ஆடுவதால், பழைய மலிவு போன்களில் எப்படி ஓடும் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன்.

கணக்குத் திறக்கும் சிரமம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கொட்ஸ் அன்செயின்டில் இம்யூட்டபிள் பாஸ்போர்ட் என்ற வொலட் (கார்ட்டும் டோக்கனும் வைக்கும் இணையப் பணப்பை), மின்னஞ்சலோ கூகிள் கணக்கோ போதும். ஹைவில் ஓனர், அக்டிவ், போஸ்டிங் என்று தனித்தனிச் சாவிகள், அதாவது நீண்ட கடவுச்சொற்கள். ஓனர் சாவி போனால் கணக்கே போய்விடும். போன் கலரியில் ஸ்கிரீன்ஷொட்டாக வைக்காமல் சி.ஆர். கொப்பி ஒன்றில் எழுதி வையுங்கள், பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் தெரியும்படி. ஹைவில் பரிமாற்றக் கட்டணம் கிடையாது என்பது அதன் பெரிய நல்ல குணம், கொட்ஸ் அன்செயின்டிலும் கட்டணத் தொல்லை பெரிதாக இல்லை. இதில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம்.

சரி, இனி என்னைத் தீர்மானிக்க வைத்த விடயத்துக்கு வருகிறேன். காசு எப்படி உள்ளே போகிறது, எப்படி வெளியே வருகிறது? வெளிநாட்டுக்காரர் எழுதும் வழிகாட்டிகளில் இது ஒரு வரியில் முடியும்: “உங்கள் அட்டையால் செலுத்துங்கள்.” எங்களுக்கு அது ஒரு வரி விடயம் இல்லை.

2021இல் இலங்கை மத்திய வங்கி வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் விடுத்த பணிப்புரையின்படி, மெய்நிகர் நாணயம் (கிரிப்டோ) தொடர்பான கொடுப்பனவுகளுக்கு டெபிட், கிரெடிட் அட்டைகளைப் பயன்படுத்த அனுமதி இல்லை. மத்திய வங்கி இதைப் பற்றிப் பொதுமக்களுக்கு அறிவித்தல்களும் விடுத்தது. கிரிப்டோ வாங்குவதற்கு என்று வங்கி அட்டையை நீட்டினால் நீங்கள் அந்தப் பணிப்புரையோடு முட்டுகிறீர்கள். விதிகள் மாறக்கூடியவை, தொடங்குமுன் மத்திய வங்கியின் இன்றைய நிலைப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டு விளையாட்டையும் இந்தக் கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

ஸ்பிளின்டர்லாண்ட்ஸில் இலவசமாக உள்ளே போகலாம், தொடக்கக் கார்ட்டுகளும் தருவார்கள். ஆனால் பரிசுகள் சேர வேண்டும் என்றால் சமனர்ஸ் ஸ்பெல்புக் என்ற நுழைவுச் சீட்டை 10 டொலர் கொடுத்து வாங்க வேண்டும். மூவாயிரம் ரூபா என்பது பெரிய தொகை இல்லை என்று சிலர் சொல்வார்கள். தொகை பிரச்சினை இல்லை, அந்த 10 டொலரை அனுப்பும் வழிதான் பிரச்சினை.

அதோடு செலவு நிற்காது. தொடக்கக் கார்ட்டுகளை விற்க முடியாது, அவற்றை வைத்து அதிக தூரம் ஏறவும் முடியாது. மேலே போகக் கார்ட்டுகளை மட்டம் உயர்த்த வேண்டும், அதற்கு ஒரே கார்ட்டின் பிரதிகளைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். கேயாஸ் லீஜன் தொகுப்பில் ஒரு சாதாரண கார்ட்டை உச்ச மட்டமான 10க்குக் கொண்டுபோக 400 பிரதிகள் வேண்டும். ஒன்றாக்கிய பிறகு திரும்பப் பிரிக்க முடியாது. அதை விற்கப் போனால் 400 பிரதிக்கும் சேர்த்து விலை கொடுக்கக்கூடிய ஒருவர்தான் வாங்க வேண்டும்.

வாங்காமல் வாடகைக்கும் எடுக்கலாம், உண்மையிலேயே கெட்டித்தனமான ஏற்பாடு. நாள் கணக்கில் டி.ஈ.சி. என்ற, அந்த விளையாட்டின் டோக்கனை (இணைய நாணயம்) கொடுத்து மற்றவரின் கார்ட்டோடு ஆடலாம். ஆனால் அது தினச் செலவு. பிற்காலத்தில் தரவரிசைப் பரிசு முழுதாகக் கிடைக்க எஸ்.பி.எஸ். என்ற, அதே விளையாட்டின் இன்னொரு டோக்கனையும் பூட்டி வைக்க வேண்டும் என்று வந்துவிட்டது. எல்லாம் கூட்டிப் பார்த்தால், நிறுத்தாமல் ஏதாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டிய விளையாட்டு அது. டொலர் தட்டுப்பாடு எப்படி இருக்கும் என்று 2022இல் பார்த்துவிட்டோம். 200 ரூபாவில் இருந்த டொலர் சில மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. மாதாமாதம் டொலரில் செலவாகும் பொழுதுபோக்கை அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் தேர்வதாக இல்லை.

கொட்ஸ் அன்செயின்டில் ஒரு சதமும் போடாமல் முழு விளையாட்டையும் ஆடலாம். தொடக்கத் தொகுப்பு இலவசம், மட்டம் ஏற ஏறக் கோர் தொகுப்பின் பொதிகள் கிடைக்கும். இப்படி வரும் கார்ட்டுகள் பிளெயின் தரம், விற்க முடியாதவை. ஆனால் ஒரே கார்ட்டில் இரண்டு பிரதி சேர்ந்தால் அவற்றை ஃபோர்ஜில் உருக்கி மீட்டியரைட் தரத்தில் ஒன்றாக மாற்றலாம். அதற்கு விளையாடிச் சேர்க்கும் ஃபிளக்ஸும் கொஞ்சம் கொட்ஸ் டோக்கனும் செலவாகும். மாறிய கார்ட்தான் பிளொக்செயினில் பதியும், சந்தையில் விற்கலாம். முதல் தடவை ஃபோர்ஜில் இரண்டு கார்ட்டும் ஒன்றாகிச் சட்டத்தின் நிறம் மாறும்போது, நேற்று வரை வெறும் படமாக இருந்தது இன்றைக்கு விலை போகும் பொருளாகிவிட்டது என்று ஒரு சின்னச் சந்தோசம் வரும். விலை என்னவோ பெரும்பாலும் சில சதங்கள்தான்.

வெளியே எடுப்பதில் இரண்டும் ஒரே குட்டையில்தான் நிற்கின்றன. கார்ட் விற்றால் வருவது ரூபா இல்லை, ஏதோ ஒரு டோக்கன். அதை வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கு (கிரிப்டோ மாற்றும் தளம்) அனுப்பி, டொலர் மதிப்போடு கட்டிய யூ.எஸ்.டி.டி. நாணயம் ஆக்கி, பிறகு முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் வங்கிக் கணக்கில் ரூபா போட வேண்டும். அந்த ரூபா எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. யாரோ ஏமாந்த காசாக இருந்தால் விசாரணை உங்கள் கணக்கைத் தேடித்தான் வரும். நான் இந்த வழியில் பெரிய தொகை எதுவும் எடுத்துப் பார்த்ததில்லை, எடுத்துப் பார்க்கும் எண்ணமும் இல்லை.

கஸ்தூரியார் வீதியில் நகையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் செய்கூலி போனாலும் பவுண் விலையாவது மிஞ்சும். இங்கே அப்படி ஒரு அடிமட்டம் இல்லை. 2021இல் ஒரு டொலரைத் தொட்ட எஸ்.பி.எஸ். பின்னர் ஒரு சதத்துக்கும் கீழே போனது. அதே வருடம் பல டொலருக்குப் போன கொட்ஸ் டோக்கனும் சதங்களுக்கு இறங்கியது. இறக்கம் இரண்டிலும் ஒன்றுதான். போட்ட காசு இறங்குவதற்கும், போடாத காசு இறங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது, அவ்வளவே. வெளியே எடுப்பது சந்தேகம் என்றால், உள்ளே போடத் தேவையில்லாததைத் தேர்வதுதான் எனக்குச் சரியாகப் பட்டது.

இதற்கு எதிராக ஸ்பிளின்டர்லாண்ட்ஸ் ஆட்கள் சொல்வது ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஹைவ் என்பது விளையாட்டு மட்டும் இல்லை, அதில் பதிவு எழுதினாலும் மற்றவர்கள் போடும் வாக்குகளால் டோக்கன் சேரும். எழுதத் தெரிந்தவர் அப்படிச் சேர்ப்பதை டி.ஈ.சி. ஆக்கி ஸ்பெல்புக்கை வாங்கிவிடலாம், வங்கி அட்டையே தேவைப்படாது. கொழும்புக்குப் பஸ்ஸில் போய் வருகிறவர், வேலை இடைவேளையில் ஐந்து நிமிடம் மட்டும் கிடைப்பவர், நெட் அடிக்கடி விழும் இடத்தில் இருப்பவர் என்றால் எனக்கு நேர்மாறாகத் தேர்வதில் நியாயம் இருக்கிறது. பொட் என்னும் தானியங்கிக் கணக்குகளோடு மோத வேண்டி வருகிறது என்ற புகார் மட்டும் அங்கே நெடுங்காலமாக உண்டு. கில்ட் எனும் ஆட்டக்காரர் குழுவாகச் சேர்ந்து ஆடும் சண்டைகளில் நான் அதிகம் இறங்கவில்லை. அதில்தான் உண்மையான ருசி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்க எனக்கு அனுபவம் போதாது.

கொட்ஸ் அன்செயின்டில் தொடங்குவதானால் இரண்டு விடயம். ஆறு கடவுளருக்கும் கட்டு சேர்க்க ஓடாமல் ஒருவரோடு நில்லுங்கள். படையை இறக்கிப் பலகையில் மோதிப் பழக நேச்சர் கடவுள் நல்லது, மஜிக்கும் டிசெப்ஷனும் பிறகு பார்க்கலாம். அப்புறம், இரண்டு பிரதி சேர்ந்த உடனே ஃபோர்ஜுக்கு ஓடாதீர்கள். பலகையில் தினமும் இறக்கும் கார்ட்டா என்று பாருங்கள், சந்தையில் அதன் மீட்டியரைட் என்ன விலைக்குப் போகிறது என்றும் பாருங்கள். செலவாகும் டோக்கனைவிடச் சந்தை விலை குறைவாக இருந்தால் பிளெயினாகவே விட்டு ஆடுங்கள், போட்டியில் இரண்டுக்கும் பலம் ஒன்றுதான்.