பேசும் கண்ணாடி வாங்கப் போகும் பார்வையற்ற நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கேமரா வைத்த ஸ்மார்ட் கண்ணாடி எதையாவது வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பார்வையற்ற நண்பர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் வாங்கியதும் அப்படி ஒன்றுதான். அறிமுக நிகழ்ச்சியில் "இனி யார் உதவியும் தேவையில்லை" என்று முழங்கினார்கள். மேடையில் ஒருவர் அதை மாட்டிக்கொண்டு உணவுப் பட்டியலைக் காட்டினார், கண்ணாடி கடகடவென்று படித்தது, அரங்கமே கைதட்டியது. முன்பதிவு தொடங்கிய அன்றே பணம் கட்டினேன். இப்போது கண்ணாடி பெட்டிக்குள் கிடக்கிறது, பணம் அவர்களிடம் கிடக்கிறது. பணத்தைக் கேட்டு இழுபறி நடப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை.

பெட்டியைப் பிரித்ததுமே ஆரம்பித்துவிட்டது. கண்ணாடியை இயக்க, போனில் அவர்களுடைய செயலி வேண்டும். திறந்து விரலை நகர்த்தினால், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் "பெயரிடப்படாத பட்டன்" என்கிறது. அடுத்ததும் "பெயரிடப்படாத பட்டன்". அதற்கும் கீழே "படம்". எது 'தொடர்க', எது 'வெளியேறு' என்று எப்படித் தெரியும்? குத்துமதிப்பாகத் தட்டி ஒருவழியாக உள்ளே போனால், சார்ஜிங் பெட்டியின் சின்னத் திரையில் ஆறு இலக்க எண் ஒன்று வருமாம், அதைச் செயலியில் அடிக்க வேண்டுமாம். கொஞ்சம் தாமதித்தால் எண் மாறிவிடும். கண் தெரியாதவருக்காகவே செய்த பொருளாம், ஆனால் அதைத் தொடங்கிவைக்கக் கண் தெரிந்த ஒருவர் வேண்டும்! அண்ணன் மகள் வரும்வரை காத்திருந்தேன்.

இதெல்லாம் செய்ய முடியாத காரியமும் இல்லை. ஐபோனில் 2009-லேயே 3ஜிஎஸ் மாடலோடு வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான் வந்துவிட்டது. இன்று புது ஐபோனை எடுத்துப் பக்கவாட்டு பட்டனை மூன்று முறை அழுத்தினால் முதல் திரையிலிருந்தே பேசும். ஆண்ட்ராய்டு போன்களில் இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்துச் சில விநாடி பிடித்தால் டாக்பேக்கை எழுப்பலாம். ஒரு பட்டனுக்குப் பெயர் வைப்பது புரோகிராமருக்கு ஒரு வரி வேலை. அதைக்கூடச் செய்யவில்லை என்றால், அந்தச் செயலியை வெளியிடும் முன் பார்வையற்ற ஒருவர் கையில்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

சரி, படிக்கவாவது செய்ததா என்றால், செய்தது. தட்டையான காகிதம், பெரிய எழுத்துப் பலகை இவற்றையெல்லாம் நன்றாகவே படித்தது. ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. பாதி தீர்ந்துபோன மாத்திரை அட்டையைக் காட்டி, காலாவதித் தேதி என்ன என்று கேட்டேன். "மே 2027" என்றது, துளித் தயக்கமில்லாமல். பக்கத்தில் இருந்த அண்ணன் மகள் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, தேதி அடிச்சிருந்த ஓரத்தை ஏற்கெனவே கிழிச்சாச்சு. இதுல தேதியே இல்லையே" என்றாள்.

இல்லாத தேதியை அது தானாகவே உண்டாக்கிச் சொல்லியிருக்கிறது. படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் பழைய ஓசிஆர் மென்பொருள்கள் எழுத்து எழுத்தாக அடையாளம் காண்பவை. தெளிவில்லாத இடத்தில் பெரும்பாலும் அர்த்தமில்லாத எழுத்துக் குப்பையை வாசிக்கும். கேட்டதுமே கோளாறு என்று நமக்குப் புரிந்துவிடும். இப்போதைய ஏஐ மாடல்கள், அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துப் பேசுபவை. தப்பு செய்யும்போதும் வாக்கியம் வழுக்கிக்கொண்டு வரும், குரல் மாறாது. கண் தெரிந்தவர் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார். நாம் எதை வைத்துச் சரிபார்ப்பது? மருந்து, பணம், ஒப்பந்தம் இந்த மூன்றிலும் இத்தகைய கருவி சொல்வதை மட்டும் நம்பி எதுவும் செய்துவிடாதீர்கள்.

மேடையில் காட்டுவது வேறு, கைக்கு வருவது வேறு. 2023 டிசம்பரில் வந்த, கூகுளின் ஜெமினி ஏஐ அறிமுக வீடியோவில் அது நேரலையாகப் பார்த்துப் பேசுவதுபோலத் தெரிந்தது. நிழற்படங்களையும் எழுத்துக் கட்டளைகளையும் கொடுத்துத் தயாரித்த வீடியோ அது என்று பிறகு தெரியவந்தது. 2024 மே மாதம், சாட்ஜிபிடியைத் தயாரிக்கும் ஓபன்ஏஐ ஒரு வீடியோ வெளியிட்டது. பார்வையற்ற ஒருவருக்கு லண்டனில் டாக்சி வருவதை ஏஐ சொல்லும். நம்மில் பலர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். கேமராவைக் காட்டிப் பேசும் வசதி சாட்ஜிபிடியில் பணம் கட்டும் பயனர்களுக்கு வரத் தொடங்கியதே அந்த ஆண்டு டிசம்பரில்தான்.

அப்புறம் சந்தா. கண்ணாடி படிப்பதெல்லாம் அவர்கள் சர்வரில்தான் நடக்கிறது, சில மாதங்களுக்குப் பிறகு அதற்கு மாதச் சந்தா. இந்த விவரம் விற்பனைப் பக்கத்தில் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் ஒரு படத்துக்குள். திரைவாசிப்பான் அதைத் தொடவே இல்லை.

சர்வர் நின்றால், நிறுவனம் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் முன்கதைகள் உண்டு. சட்டையில் குத்திக்கொள்ளும் ஏஐ கருவியாக 2024-ல் ஆரவாரமாக வந்த ஹியூமேன் ஏஐ பின், 2025 பிப்ரவரி 28-ம் தேதி சர்வரை நிறுத்தியதும் ஏறக்குறைய எதற்கும் உதவாமல் போனது. ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரைக் கருவியின் கதை இன்னும் கொடுமை. உலகம் முழுக்க 350-க்கும் மேற்பட்டோர் கண்ணில் பொருத்திக்கொண்டது அது. தயாரித்த செகண்ட் சைட் நிறுவனம் 2020-ல் ஊழியர்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டது. பழுது என்றால் போக இடமில்லாமல் பலர் தவித்தார்கள்.

என்னை உண்மையிலேயே ஏமாற்றியது வாடிக்கையாளர் சேவைதான். குறையைச் சொன்னால் ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னார்கள். திருப்பி அனுப்பும் படிவத்தைத் திறந்தால், நாம் மனிதர்தானா என்று சோதிக்கும் படக் கேப்சா, 'போக்குவரத்து விளக்கு உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுக்கவும்'. ஒலி வழியும் கிடையாது. "அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும், பொறுங்கள் சார்" என்று இனிக்க இனிக்கப் பேசி நாளைக் கடத்தினார்கள். அப்டேட் வந்தது, பட்டன்களுக்குப் பெயர் வரவில்லை. பணத்தைக் கேட்டபோது திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்றார்கள்.

ஆகவே, கண்ணாடியை வாங்கும் முன்பே அதன் செயலியை இறக்கிப் பாருங்கள், பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். திரைவாசிப்பானைப் போட்டு முதல் சில திரைகளை ஓட்டினாலே நிறுவனத்தின் லட்சணம் தெரிந்துவிடும். இணையம் இல்லாமல் எது வேலை செய்யும், சந்தா நின்றால் எது மிஞ்சும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். கோளாறு என்றால் முதல் நாளே திருப்பி அனுப்பும் கோரிக்கையைப் பதிவு செய்துவிடுங்கள், அப்டேட் பேச்செல்லாம் அதற்குப் பிறகு. கேமரா பார்ப்பதைச் சொல்லும் சீயிங் ஏஐ, லுக்அவுட், பீ மை ஐஸ் போன்ற செயலிகள் போனிலேயே காசில்லாமல் இருக்கின்றன. பீ மை ஐஸில் ஏஐ சொல்வது சந்தேகமாக இருந்தால் ஒரு தன்னார்வலரை வீடியோ அழைப்பில் கூப்பிட்டுக் கேட்கலாம். என் மாத்திரை அட்டைகளை இப்போது அப்படித்தான் பார்த்துக்கொள்கிறேன்.

மாடல் பெயர் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன். இதே கண்ணாடியை வாங்கி யாராவது பணத்தைத் திரும்பப் பெற்றிருந்தால், யாரிடம் எப்படிப் பேசினீர்கள் என்று எனக்கும் சொல்லுங்கள்.