இறந்தவர் பெயரில் சந்தியாகப்பர் யாத்திரைச் சான்றிதழ்: 340 யூரோ போச்சு, நீங்களும் கொடுத்துடாதீங்க

340 யூரோ. நம்ம காசுக்கு முப்பதாயிரத்துக்கு மேல். அதற்குக் கைக்கு வந்தது வீட்டுப் பிரிண்டரில் அடித்த மாதிரி ஒரு தாள். உறையைப் பிரித்து இன்னும் மூன்று நாள்கூட ஆகவில்லை. அதனால் எழுத்தில் கொஞ்சம் சூடு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்காக வாங்கினேன் என்ற கதை இங்கே வேண்டாம். இறந்துபோன ஒரு பெண்மணி பெயரில், ஸ்பெயின் நாட்டு சந்தியாகப்பர் யாத்திரையின் நிறைவுச் சான்றிதழ் வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்கு: தங்கச்சிமடம் வேர்க்காட்டில் சந்தியாகப்பர் என்று கும்பிடுகிறோமே, அவரேதான். அவருடைய கல்லறை இருப்பதாக நம்பப்படுவது ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாவில், சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா பேராலயத்தில். அங்கே நடந்து போகும் பாதைகளுக்கு கமீனோ என்று பெயர். நடந்து வந்து சேர்ந்தவருக்குப் பேராலயம் லத்தீனில் எழுதிக் கொடுக்கும் தாள் கொம்போஸ்தெலா. 2024-ல் மட்டும் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் வந்து சேர்ந்ததாகக் கணக்கு. இத்தனை கூட்டம் புழங்கும் இடத்தில் திருட்டுக் கடை முளைக்காமல் இருக்குமா?

இதில் ஓர் உண்மையான வழக்கம் இருக்கிறது. நடக்க முடியாமல் படுத்திருப்பவருக்காகவோ இறந்தவருக்காகவோ இன்னொருவர் நடக்கலாம். அப்போது சான்றிதழில் 'விக்காரியே ப்ரோ' என்று எழுதி அவர் பெயரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். 'இன்னாருக்குப் பதிலாக' என்று அர்த்தம். இது புதிதாகக் கிளம்பியது இல்லை. என் ஆன்மாவுக்காக ஒருவர் போய் வரட்டும் என்று உயிலில் காசு எழுதி வைக்கிற பழக்கம் அந்தக் காலத்து ஐரோப்பாவில் சாதாரணம். மோசடியும் புதிது இல்லை. யாத்திரை போய் வந்ததற்கு அடையாளமான சிப்பியைச் சாந்தியாகோ நகருக்கு வெளியே விற்றவர்களைச் சபையை விட்டே விலக்குவோம் என்று பாப்பரசர்கள் 13-ஆம் நூற்றாண்டிலேயே மிரட்ட வேண்டி வந்தது.

இந்தக் கடைக்காரன் கெட்டிக்காரன். முழுப் பொய் சொல்லவில்லை, இருக்கிற வழக்கத்தின் மேல் கூரை போட்டு உட்கார்ந்திருக்கிறான். சமூக வலையில் ஒரு பக்கம், அதிலிருந்து அரட்டைக்கு ஒரு இணைப்பு, பணம் கட்ட இன்னொரு இணைப்பு. கடைக்கு முகவரி கிடையாது. 'உங்கள் அன்புக்குரியவருக்காக நாங்கள் நடக்கிறோம்' என்று மேலே எழுதி, கமீனோவில் வழிகாட்டும் மஞ்சள் அம்புக்குறி படம் போட்டிருக்கும்.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்கிறேன். முதல் செய்திக்கு இரண்டே நிமிடத்தில் பதில். விலையைப் பற்றிப் பேச்சே இல்லை. "அவர் பெயர் என்ன, என்றைக்கு இறந்தார், அவருக்காக வழியில் எந்த ஜெபம் சொல்லட்டும்?" இதுதான் முதல் கேள்வி. நம்மில் பலர் விழுவது இங்கேதான். இறந்தவர்களுக்குப் பூசை ஒப்புக்கொடுத்துப் பழகியவர்கள் நாம். பங்குக் கோயில் அலுவலகத்தில் பெயர் எழுதிக் கொடுத்து, பூசைப் பணத்தைக் கட்டிவிட்டு வருவோம், சந்தேகமே வராது. அதே கை பழக்கத்தில் இங்கேயும் நீண்டுவிடுகிறது.

கணக்கு இப்படி வந்தது: நடைக் கட்டணம் 220, சான்றிதழ் கட்டணம் 60, பேராலயக் காணிக்கை 35, குழாய் உறையும் கூரியரும் 25. மொத்தம் 340. பணத்தைக் கார்டில் வேண்டாம், 'தெரிந்தவருக்கு அனுப்புவது' என்ற வகையில் அனுப்புங்கள், கமிஷன் மிச்சம் என்றான். கமிஷன் மிச்சமாகும், வாஸ்தவம்தான். ஆனால் அந்த வகையில் போன பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்பது நாள் கழித்து யாத்திரைக் கடவுச்சீட்டின் படம் வந்தது. கிரெதென்சியால் என்பார்கள். மடித்து வைக்கிற அட்டை, கட்டம் கட்டமாக இருக்கும். தங்கும் விடுதி, கோயில், காப்பிக் கடை என்று வழியில் நிற்கிற இடத்திலெல்லாம் முத்திரை வாங்கித் தேதி போட வேண்டும். படத்தில் வண்ண வண்ணமாக முத்திரைகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஊர்ப் பெயர்களை வரிசையாகப் படித்தபோதுதான் உதைத்தது.

3-ஆம் தேதி சார்ரியா. சரி, அங்கிருந்து சாந்தியாகோவுக்கு 115 கிலோமீட்டர் சொச்சம், பெரும்பாலானோர் தொடங்கும் ஊர். 4-ஆம் தேதி போர்தொமரீன், அதே 4-ஆம் தேதி அர்சுவா. இரண்டுக்கும் நடுவே 50 கிலோமீட்டருக்கு மேல். வெறி பிடித்து நடக்கிற ஆள் என்றே வைத்துக்கொள்வோம். 5-ஆம் தேதி முத்திரை மெலீதே! மெலீதே என்பது அர்சுவாவுக்குப் பதினாலு கிலோமீட்டர் முன்னாலேயே வந்துவிடும் ஊர். ஆள் ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பி நடந்தாரா? நாலைந்து பேருடைய அட்டைகளிலிருந்து முத்திரைகளை வெட்டி ஒட்டிய படம் அது. கேட்டதற்கு, "விடுதிக்காரர் தேதியை மாற்றிப் போட்டுவிட்டார், அங்கே எல்லாரும் தன்னார்வலர்கள்" என்று பதில் வந்தது. அந்த இடத்திலேயே விழித்திருக்க வேண்டும். அதற்குள் 340 யூரோ போய்ச் சேர்ந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது.

மூன்று வாரத்தில் தாள் வந்தது. தடித்த மஞ்சள் நிறக் காகிதம், ஓரத்தில் பூவேலை. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் பூவேலையின் விளிம்பு புள்ளி புள்ளியாக உடைகிறது. அதைக்கூட விட்டுவிடலாம், எழுத்தைப் பாருங்கள்.

உண்மையான கொம்போஸ்தெலாவில் பெயருக்கு முன்னால் ஒரு மரியாதைச் சொல் சுருக்கமாக வரும். ஆணுக்கு 'தொமினும்', பெண்ணுக்கு 'தொமினாம்'. வந்த தாளில் பெண்ணின் பெயருக்கு முன்னால் ஆண்பால். 'விக்காரியே ப்ரோ' என்ற சொற்கள் பெயருக்குப் பக்கத்தில் இல்லை, தாளின் தலைப்பில், கல்யாணப் பத்திரிகையில் 'உ' போடுகிற மாதிரி நடுவில் நிற்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலே, நடந்தவர் பெயர் எங்குமே இல்லை.

முழு மோசடியையும் இந்த ஒன்றை வைத்தே பிடித்துவிடலாம். அந்த லத்தீன் வாசகம் சொல்வது என்ன? இன்னார் கடைசி 100 கிலோமீட்டரைக் கால்நடையாகவோ குதிரையிலோ, சைக்கிள் என்றால் 200 கிலோமீட்டரைக் கடந்து, பக்தியின் பொருட்டு இந்தக் கோயிலைத் தரிசித்தார் என்று பேராலயக் குருக்கள் மன்றம் சாட்சி சொல்கிறது. சாட்சி நடந்தவரைப் பற்றியது. அதனால் நடந்தவர் பெயர் முதலில் வரும், அதன் பிறகு 'விக்காரியே ப்ரோ', அதன் பிறகுதான் யாருக்காகவோ அவர் பெயர். எனக்கு வந்த தாளின்படி இறந்துபோனவரே இறந்த பிறகு நடந்துபோய்க் கோயிலைக் கும்பிட்டிருக்கிறார்.

இதற்கப்புறம் தட்டிக்கழிப்பு. தேதி வாரியாக எல்லாம் பத்திரமாக இருக்கிறது. முதலில், "லத்தீனில் ஆண்பால் பெண்பால் கிடையாது." கிடையாதாம்! அடுத்து, "பேராலயம்தான் எழுதியது, அவர்களைக் கேளுங்கள்." சரி, எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் பெயரில் பதிவு என்று கேட்டால், "நடந்தவரின் தனியுரிமை." அப்புறம், "திருத்திய தாள் அனுப்பத் தயார், சுங்கக் கட்டணம் 45 யூரோ மட்டும் கட்டுங்கள்." 340 போதாதென்று 45! மறுத்ததும், "இது ஆன்மிகச் சேவை, ஆன்மிகத்துக்குப் பணம் திருப்பித் தரும் வழக்கம் இல்லை." கடைசியாக ஒரு கைகூப்பும் பொம்மை, அதோடு என்னைத் தடுத்துவிட்டான். வங்கியில் கேட்டால், நீங்களே விரும்பி அனுப்பிய பணம் என்கிறார்கள். பணம் அனுப்பும் செயலியில் கேட்டால், தெரிந்தவருக்கு அனுப்பியதில் நாங்கள் தலையிட மாட்டோம் என்கிறார்கள். 340 யூரோவுக்கு மூன்று கதவு தட்டியாகிவிட்டது.

சரி, முறைப்படி எப்படி நடக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். தெரிந்திருந்தால் ஒருவரும் இவனிடம் போகமாட்டீர்கள்.

சான்றிதழ் கொடுப்பது ஒரே இடம்: சாந்தியாகோவில், பேராலயத்திலிருந்து சில நிமிட நடையில், ருவா தாஸ் கர்ரேதாஸ் தெருவில் உள்ள யாத்திரிகர் வரவேற்பு அலுவலகம். நடந்தவர் நேரில் போக வேண்டும். அதற்கு முன் இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். எங்கே தொடங்கினார், எப்படி வந்தார், என்ன நோக்கம் என்று கேட்பார்கள். வாசலில் வரிசை எண் எடுத்துக்கொண்டு, எண் வந்ததும் மேசைக்குப் போய் அட்டையையும் அடையாளச் சான்றையும் காட்ட வேண்டும். கடைசி 100 கிலோமீட்டரில் ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பலர் கோட்டை விடுவது இதில்தான். ராத்திரி தங்கிய விடுதி முத்திரை ஒன்றோடு நிறுத்திவிடுவார்கள், பகலில் ஒன்று வாங்க மறந்துபோகும்.

இன்னொருவருக்காக என்றால், மேசையில் உட்கார்ந்ததுமே, அவர்கள் பெயரைத் தட்டத் தொடங்கும் முன்பே, 'விக்காரியே ப்ரோ' என்று சொல்லிவிட வேண்டும். தாள் அச்சாகி வந்தபின் சொன்னால் சங்கடம், பின்னால் வரிசை நிற்கும். யாருக்காகவோ அவர் பெயரை ரோமன் எழுத்தில் பெரிதாக ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போவது நல்லது. முதல் பெயருக்கு லத்தீன் வடிவம் இருந்தால் அப்படி மாற்றுவார்கள்: சூசை என்பது யோசேப்பு, அதற்கு லத்தீன் உண்டு. அந்தோணியம்மாளுக்கும் உண்டு. செல்வராணிக்குக் கிடையாது, அப்படியே எழுதுவார்கள். நம் இனிஷியலை அவர்களுக்குப் புரியவைக்க முடியாது, தகப்பன் பெயரை முழுசாகவே எழுதிவிடுங்கள்.

அட்டையை மட்டும் நடப்பவர் பெயரிலேயே எடுக்க வேண்டும், இறந்தவர் பெயரில் அல்ல. ஒரு நடைக்கு ஒரு சான்றிதழ். நடந்தவர் அதை இன்னொருவருக்காக எழுதி வாங்கிவிட்டால், தனக்கென்று தனியாக இன்னொன்று கேட்க முடியாது. இந்தக் கடைக்காரன் பக்கத்திலோ 'ஒரே நடையில் குடும்பத்தில் நால்வர் பெயருக்கும், தள்ளுபடி' என்று விளம்பரம் ஓடுகிறது. நல்ல ஆரோக்கியத்தோடு வீட்டில் இருப்பவர் பெயருக்கும் கிடைக்குமாம். கிடைக்காது, அது இறந்தவர்களுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் உள்ள சலுகை.

செலவு? கொம்போஸ்தெலா இலவசம். இலவசம்! காணிக்கை போட்டால் போடலாம், போடாவிட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். எத்தனை கிலோமீட்டர் என்று குறிக்கும் தூரச் சான்றிதழ் தனி, அதற்குச் சில யூரோ. கசங்காமல் எடுத்துப் போகக் குழாய் உறை, அதற்கும் சில யூரோ. அட்டையோடு எல்லாம் சேர்த்தாலும் 10 யூரோவைச் சுற்றித்தான் வரும். சான்றிதழ் கட்டணம் என்று வாங்கிய 60-ம், பேராலயக் காணிக்கை என்று வாங்கிய 35-ம் யார் பைக்குப் போயின என்று இப்போது தெரிகிறதா?

இன்னொரு கொக்கி 'பரிபூரண பலன் உள்ள சான்றிதழ்'. பாவத்துக்குரிய தண்டனை முழுவதும் நீங்கும் என்று சபை சொல்லும் பேறுதான் பரிபூரண பலன். அப்படி ஒரு பொருளே கிடையாது. ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமை வரும் ஆண்டு அங்கே புனித ஆண்டு, அடுத்தது 2027. அந்த ஆண்டு பேராலயத்துக்குப் போய் ஜெபித்து, பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை வாங்குவது பலனுக்கான வழி. அதை இறந்தவரின் ஆன்மாவுக்கு ஒப்புக்கொடுக்கலாம், உயிரோடிருக்கும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. அதற்கு 100 கிலோமீட்டர் நடக்கவே தேவையில்லை, தாளும் தேவையில்லை. தாள் வேறு, பலன் வேறு.

எச்சரிக்கைகளை நிதானமாக வரிசைப்படுத்தி எழுதத்தான் நினைத்தேன், இப்போதைக்குக் கை வரவில்லை. அவசரத்துக்கு இவை: நடந்தவர் பெயர் இல்லாத தாள் எதுவானாலும் போலி. 'தெரிந்தவருக்கு' என்ற வகையில் முன்பின் தெரியாதவனுக்குப் பணம் அனுப்பாதீர்கள். முத்திரைப் படம் வந்தால் ஊர்களை வரைபடத்தில் வரிசையாக வைத்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. உண்மையிலேயே வேண்டுமென்றால், உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது கமீனோ போகும்போது கேளுங்கள், பங்குச் சாமியாரிடம் சொல்லி வைத்தால் ஆள் கிடைக்கும்.

அந்தப் பக்கம் இன்னும் திறந்துதான் இருக்கிறது. இன்று காலை வேறொரு கணக்கிலிருந்து பார்த்தேன், '2027 புனித ஆண்டு முன்பதிவு ஆரம்பம்' என்று போட்டிருக்கிறான். விலை 390 யூரோ.