ஏஏ, ஸ்மார்ட், ஆஸ்பத்திரி குழு: குடியை விட்டவர் எங்கே போய் உட்காரலாம்?

குடியை நிறுத்த முடிவெடுத்தவரிடம் "ஏதாவது மீட்டிங் போய்யா" என்று எல்லாரும் சொல்வார்கள். எந்த மீட்டிங் என்றுதான் யாரும் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் இருப்பவருக்கு முக்கியமாக மூன்று வழி: ஏஏ எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சிகிச்சை மையங்கள் நடத்தும் குழு, ஆன்லைனில் ஸ்மார்ட் ரிக்கவரி.

எதற்குப் போவதானாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள். தினமும் குடித்தவர், காலையில் கை நடுங்குகிறவர், சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியலாம். உயிருக்கே ஆபத்து. அந்தக் கட்டத்துக்கு எந்தக் கூட்டமும் மருந்தாகாது.

ஏஏ 1935-ல் அமெரிக்காவின் அக்ரான் நகரில், குடியிலிருந்து மீள முயன்ற இருவர் தொடங்கியது. ஒருவர் பங்குச்சந்தைக்காரர், இன்னொருவர் டாக்டர். கட்டணம் கிடையாது, முழுப்பெயர் கேட்க மாட்டார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும். பள்ளி வகுப்பறை, சர்ச் வளாகத்து அறை என்று எங்காவது நடக்கும். ஒருவர், "வணக்கம், என் பேர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பிப்பார். மகளின் காதுகுத்துக்கு வைத்திருந்த பணத்தோடு கடைக்குப் போன கதையைச் சொல்வார். பின்வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்துகொள்வார். பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கிட மாட்டார்கள், புத்தி சொல்லவும் மாட்டார்கள். மாமனார் முதல் மளிகைக்கடை அண்ணாச்சி வரை எல்லாரிடமும் அறிவுரை கேட்டுக் காது புளித்தவருக்கு, இதுவே பெரிய நிம்மதி.

கடவுள் விஷயம்தான் சிக்கல். குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் 12 படிகளில் இறைவன் வருகிறார். 'அவரவர் புரிந்துகொண்டபடி' என்று சேர்த்திருந்தாலும், கறுப்புச் சட்டை போட்டு வளர்ந்தவருக்கு அது தொண்டையில் சிக்கும்.

அவருக்கு ஸ்மார்ட் ரிக்கவரி ஒத்துவரலாம். 1994-ல் தொடங்கிய அமைப்பு, அதற்கு அடிப்படையே மனநலச் சிகிச்சை முறைகள்தான். கடவுளும் இல்லை, 'நான் குடிநோயாளி' என்ற அறிமுகமும் இல்லை. ஒரு தாளில் நான்கு கட்டம் போடச் சொல்வார்கள்: குடித்தால் என்ன லாபம், என்ன நஷ்டம், விட்டால் என்ன லாபம், என்ன நஷ்டம். குடித்தால் கிடைக்கும் லாபத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்பது எனக்குப் பிடித்த நேர்மை. ஒருவர் பேச்சுக்கு மற்றவர் பதில் சொல்லலாம், விவாதிக்கலாம். ஆனால் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஏஏ-வில் இருப்பதுபோல் ஸ்பான்சர் கிடையாது. அதாவது, ராத்திரி ஒன்பது மணிக்கு நாக்கு வறளும்போது, "அண்ணே, முடியல" என்று போன் போட, முன்பே குடியை விட்ட மூத்த ஆள் ஒருவர் ஏற்பாடாக இருக்க மாட்டார்.

சிகிச்சை மையக் குழுவை கவுன்சிலர் நடத்துவார். மருந்து, தூக்கமின்மை, ஈரல் பற்றியெல்லாம் கேட்க இதைவிட நல்ல இடம் இல்லை. 'அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று விற்கும் பொடிகளை நம்பிப் போன வீட்டுக்காரர்களும் இங்கே பேசித் தெளியலாம். குடியை விட டாக்டர் தரும் டைசல்ஃபிரம் மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் ஆளையே சாய்த்துவிடும். தெரியாமல் கொடுப்பது விளையாட்டில்லை. சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய அறக்கட்டளையின் டிடிகே மருத்துவமனை குடும்பத்தையும் சேர்த்தே சிகிச்சை தருகிறது. ஆனால் இப்படிப்பட்ட குழு பகல் வேளையில் கூடினால், தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு.

என்னைக் கேட்டால், வீட்டுக்குப் பக்கத்தில் சாயங்காலம் நடக்கும் தமிழ் ஏஏ கூட்டத்தில் ஆரம்பிக்கலாம். டாஸ்மாக் பகல் 12 முதல் இரவு 10 வரை. வேலை முடிந்து கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும் நேரத்தில் போக வேறொரு இடம் வேண்டும். கொள்கைப் பொருத்தமெல்லாம் அப்புறம். ஆய்வும் ஏஏ-வுக்கு எதிராக இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2020 அலசல், 27 ஆய்வுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தது. ஏஏ-வுக்கு முறையாக வழிகாட்டி அனுப்பப்பட்டவர்கள், தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்றச் சிகிச்சை பெற்றவர்களைவிட முன்னே இருந்தார்கள்.

முதல் தடவை 'ஓப்பன் மீட்டிங்'தானா என்று கேட்டுக்கொண்டு போங்கள். மனைவியோ தம்பியோ கூட வரலாம். 'குளோஸ்டு' என்றால் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஏரியா குழுவைப் பாருங்கள், ஆட்களும் தொனியும் வேறாக இருக்கும். கூட்டம் கலைந்தபின் டீ குடிக்கும்போது யாராவது வந்து உங்கள் நம்பரை வாங்கினால் அது நல்ல குழு. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்து என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அறை முழுக்க ஆண்களாக இருந்தால் வாய் திறப்பது கஷ்டம். பெண்களுக்கு மட்டுமான ஆன்லைன் கூட்டத்தில் தொடங்குவது மேல். ஸ்பான்சரும் பெண்ணாகவே இருக்கட்டும். ஏஏ வழக்கமும் அதுதான்.

குடும்பத்தாருக்கு 1951 முதல் அல்-அனான் என்ற அமைப்பு தனியாகக் கூட்டம் நடத்துகிறது. அங்கே பேசுவது அவர் குடித்தாரா இல்லையா என்பதைவிட, அவரோடு வாழ்ந்து நொந்தவர் தன்னை எப்படித் தேற்றிக்கொள்வது என்பதைத்தான். அவர் எந்தக் கூட்டத்துக்கும் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை என்றால், போதை மீட்புக்கான மத்திய அரசின் இலவச உதவி எண் 14446.