ஷாடே: முதல் ஆல்பமா, தொகுப்பா?

பிரிட்டனின் ஜாஸ் சாயல் கொண்ட ஷாடே இசைக்குழுவைப் புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் இரண்டில் எதை வாங்குவது என்று தயங்குகிறார்கள்: 1984இல் வந்த முதல் ஆல்பம் ‘டயமண்ட் லைஃப்’, 1994இல் வந்த தொகுப்பு ‘தி பெஸ்ட் ஆஃப் ஷாடே’.

எண்ணிக்கை: ஆல்பத்தில் 9 பாடல்கள், தொகுப்பில் 16. பாட்டுக்கு என்ன விலை என்று கணக்குப் பார்த்தால் தொகுப்பே லாபம்.

வீச்சு: தொகுப்பில் நான்கு ஆல்பங்களின் முக்கியப் பாடல்கள் உண்டு, ‘நோ ஆர்டினரி லவ்’ உட்பட. ‘ஸ்மூத் ஆபரேட்டர்’ இரண்டிலும் இருக்கிறது.

ஓட்டம்: இங்கேதான் நான் ஆல்பத்தின் பக்கம் சாய்கிறேன். ஸ்டூவர்ட் மேத்யூமனின் சாக்ஸஃபோன் பாடகி ஷாடே அடுவின் குரலை முந்துவதில்லை. அவர் நிறுத்திய இடத்தில் மெல்ல எட்டிப் பார்க்கிறது. பால் டென்மனின் பேஸ் கிதார் அவசரமே அறியாதது. ஜாஸ் என்றாலே மிரள்பவர்கள்கூட இதில் மயங்குவார்கள். இந்த ஆல்பத்தில் உள்ள ‘சாலி’ பாடலைத் தொகுப்பில் தேடாதீர்கள், இல்லை. எனக்கு அது பெரிய குறை.

நெடும்பயணத்துக்கும் விருந்தினர் கூடும் மாலைக்கும் தொகுப்பு போதும். விளக்கைத் தணித்துவிட்டுத் தனியே உட்கார்ந்து கேட்பவர் ‘டயமண்ட் லைஃப்’ வாங்கட்டும்.