கவுல் இல்லாத ஸ்கூட்டர்

பழைய டூ-ஸ்ட்ரோக் கியர் ஸ்கூட்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். அவர் கேட்ட நேரம் பார்த்து அதே ரகத்து என் வண்டி சீஸ் ஆகி, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்று, லேத்தில் சிலிண்டரின் உள்துளையை மறுபடியும் கடைந்து அகலமாக்கி, புது ஓவர்சைஸ் பிஸ்டனோடு வீட்டுக்கு வந்திருந்தது. பில்லைப் பார்த்த சூடு இன்னும் ஆறவில்லை. மைலேஜ், பிக்அப் எல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. நான் சொல்ல வருவது சிலிண்டரைச் சுற்றி ஓடும் காற்றைப் பற்றி மட்டும்தான்.

பைக்கில் சிலிண்டர் வெளியே நிற்கிறது. எதிர்க்காற்று தானாக வந்து மோதும். இந்த ஸ்கூட்டரில் அது வலது பக்கப் பேனலுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அதனால் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் மேக்னட் ஃப்ளைவீல் என்ற காந்தச் சக்கரத்திலேயே விசிறி இதழ்களை வைத்துவிட்டார்கள். எஞ்சின் ஓடினால் விசிறியும் ஓடும். அது தள்ளும் காற்றைச் சிதறவிடாமல் பிடித்து, சிலிண்டரின் மேல் வரிவரியாக நிற்கும் ஃபின் தகடுகளுக்கு நடுவே கொண்டுபோவது, சிலிண்டரையும் அதன் மேல்மூடியான ஹெட்டையும் போர்த்தியிருக்கும் கவுல் என்ற உறை. மலிவான பாகம்தான், ஆனால் வேலை பெரியது. உருளையின் மீது காற்று மோதினால் அதைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வரை ஒட்டிப் போகாது. வழுவழுப்பான வெறும் உருளை என்றால் முன்முனையிலிருந்து சுமார் 80 டிகிரியிலேயே பிரிந்து விலகிவிடும். பின்னால் சுழலும் காற்றுதான் மிச்சம், அங்கே சூடு சரியாக இறங்காது. கவுல் இருந்தால் காற்றுக்கு விலகிப்போக இடமில்லை. ஃபின்களை உரசிக்கொண்டுதான் பின்பக்கம் போயாக வேண்டும். ஏர்-கூல்டு விமான எஞ்சின்களிலும் இதே காரணத்துக்காகத்தான் ஒவ்வொரு சிலிண்டரையும் ஒட்டி வளைந்த தகடுகள் வைத்தார்கள். 1946இல் வெஸ்பாவை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோவும் விமானப் பொறியாளர்தான். என் வண்டியின் எஞ்சின் அந்த வழியில் வந்ததுதான்.

இத்தனை வருஷத்தில் இந்த அமைப்பு என்னைக் கைவிட்டதே இல்லை. மே மாத வெயிலில் சிக்னலில் நிற்கும்போதும் விசிறி வீசிக்கொண்டே இருக்கும். மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு, பர்லியார் வழியாகக் குன்னூர் ஏறும்போது இரண்டாவது கியரில் எஞ்சின் அலறும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் பயப்படுவார். பயமே வேண்டாம். சுற்று ஏற ஏற காற்றும் ஏறும். எஞ்சினுக்குக் கஷ்டம், அதே ஏற்றத்தை மூன்றாவது கியரில் முக்கி முக்கி ஏறுவதுதான். பாரம் அதிகம், சுற்று குறைவு, காற்றும் குறைவு.

அப்படிப்பட்ட வண்டி எப்படி சீஸ் ஆனது? அதுதான் வயிற்றெரிச்சல். எஞ்சினுக்குள் படிந்த கார்பன் கரியை எடுக்க ஒரு பட்டறையில் விட்டேன். ஹெட்டைக் கழற்றினார்கள், சுத்தம் செய்தார்கள், திரும்ப மாட்டினார்கள். கவுலை மட்டும் மாட்டவில்லை. கேட்டால், “அது சும்மா கவர் சார், இல்லாமலே ஓடும்” என்கிறார்கள். ஓடியது, அவிநாசி ரோட்டில் சிட்டியைத் தாண்டும் வரை. பிஸ்டன் அலுமினியம், அது ஓடும் பேரல், அதாவது சிலிண்டர், வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளி போய்விட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கழற்றிப் பார்த்தபோது எக்ஸாஸ்ட் பக்கம் நேர்க்கோடுகளாகக் கீறல், பேரலில் அலுமினியம் ஈஷியிருந்தது. போகிற சூடெல்லாம் அந்தப் பக்கம்தான்.

பட்டறையை மட்டும் குறை சொன்னால் நியாயமாக இருக்காது. கவுலின் போல்ட் கைக்கு எட்டாத மூலையில் இருக்கிறது. கொஞ்ச நாளில் ஓட்டை அகன்று கடகடவென்று ஆடும். ஃபின் நடுவே ஆயிலும் புழுதியும் சேர்ந்து களிம்பாக அடைவது கவுல் இருக்கும்வரை கண்ணுக்கே தெரியாது. கழற்றி, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்தால்தான் போகும். அவசரத்தில் இருக்கும் மெக்கானிக் அதை ஓரமாக வைத்துவிடுவது புரிகிறது. மன்னிக்கத்தான் முடியவில்லை.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். எஞ்சின் நல்ல எஞ்சின், கூலிங் அருமை. ஆனால் கவுலை மதிக்கிற கை இன்று கிடைப்பதில்லை, விற்பனைக்கு வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் அது இருக்காது என்பது என் எண்ணம். அப்படியும் ஆசை விடவில்லை என்றால், காசு கொடுக்கும் முன் வலது பேனலைத் திறந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். கவுல் இல்லையென்றால் அது எத்தனை நாளாக இல்லை என்று விற்பவரிடம் கேளுங்கள்.